வாக்கு, சேமிப்பு, அறிமுகம்: தமிழ் வலைப்பதிவுகளுக்கு வாசகர் அளிக்கும் ஆதரவும் இடப்பெயர்க் குறிச்சொற்களும் – கோவிலம்பாக்கத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தாம் விரும்பிப் படிக்கும் வலைப்பதிவுகளைப் பிறருக்குக் கொண்டுசெல்ல வாசகர்கள் பயன்படுத்திய இணையத்தளங்களைத் திரட்டிகள், வாக்களிப்புத் தளங்கள், புத்தகக்குறித் தளங்கள் என மூவகைப்படுத்தலாம். தமிழ்ச் சூழலில் முதலிரு வகைகள் பெற்ற செல்வாக்கை மூன்றாவது வகை பெறவில்லை. இதனால் புதிய இடுகைகளுக்கும் பெருந்திரளானோரை ஈர்க்கும் இடுகைகளுக்கும் ஆதரவு குவிந்தது. ஒரு சிற்றூரைப் பற்றியோ ஒரு நீர்நிலையைப் பற்றியோ எழுதப்பட்டவை தேடுவோர் கைக்கு எட்டாமல் போயின. சென்னைத் தென்புறநகரில் உள்ள கோவிலம்பாக்கம் என்னும் இடப்பெயரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, குறிச்சொல் இடுதலும் காரணம் சுட்டி அறிமுகம் செய்தலும் வாக்கைவிட நீடித்த ஆதரவாக அமைவதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வலைப்பதிவு, திரட்டி, சமூகப் புத்தகக்குறி, குறிச்சொல், சிறப்புப்பாயிரம், இடப்பெயர், அத்துச் சாரியை, கோவிலம்பாக்கம்.

1. முன்னுரை

அச்சு இதழ் ஒன்றை விரும்பும் வாசகர் அதற்குச் சந்தா செலுத்துகிறார். பழைய இதழ்களைக் கட்டடம் செய்து வைக்கிறார். நண்பருக்கு இரவல் தருகிறார். இம்மூன்று செயல்களாலும் அந்த இதழ் பொருளியல் வகையிலும் நினைவு வகையிலும் உயிர்வாழ்கிறது. வலைப்பதிவுக்குப் பெரும்பாலும் சந்தா இல்லை. அதனை எழுதுபவருக்குக் கிடைக்கும் ஊதியம், தம் எழுத்து படிக்கப்படுகிறது என்னும் செய்தி ஒன்றே. ஆகவே வாசகர் ஆதரவு என்பது வலைப்பதிவைப் பொறுத்தவரை பிறர் கண்ணில் படச்செய்தல், மீண்டும் கண்டெடுக்கும்படி சேமித்தல் ஆகிய இரண்டையுமே முதன்மையாகக் குறிக்கும்.

தமிழ் வலைப்பதிவுகள் குறித்த ஆய்வுகள் எழுதியவரையும் எழுதப்பட்டதையும் நோக்கிய அளவுக்கு, அவற்றைப் பரப்பிய வாசகச் செயலை நோக்கவில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும். விளக்கமுறை ஆய்வாக அமையும் இக்கட்டுரை, முதலில் தமிழ்த் திரட்டிகளின் செயல்முறையையும், அடுத்து உலகளாவிய புத்தகக்குறித் தளங்களின் செயல்முறையையும் விளக்குகிறது; பின்னர் ஓர் ஊரின் பெயரைக் கொண்டு இரண்டையும் ஒப்பிடுகிறது.

2. திரட்டிகளின் காலம்

2003ஆம் ஆண்டளவில் தமிழ் வலைப்பதிவுகள் தோன்றத் தொடங்கின. அவற்றை ஒரே இடத்தில் காண்பதற்கு வழிசெய்த முன்னோடித் தளம், காசி ஆறுமுகம் 2004இல் உருவாக்கிய தமிழ்மணம். வலைப்பதிவு ஒவ்வொன்றும் தன் புதிய இடுகைகளின் தலைப்பையும் தொடக்க வரிகளையும் ஓடையாக வெளியிடும். திரட்டி அந்த ஓடைகளை இடைவிடாது படித்து, புதியது மேலே வரும் வகையில் அடுக்கிக் காட்டும். தேடுபொறிகள் தமிழைச் செம்மையாகக் கையாளாத அக்காலத்தில், யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் எழுதிய பதிவர்களை ஒரே முற்றத்தில் கூட்டியது இந்த ஏற்பாடே. தேன்கூடு, திரட்டி, தமிழ்வெளி முதலிய தளங்களும் பின்னர் இவ்வழியில் இயங்கின.

வெறும் அடுக்காக இருந்த பட்டியலில் வாசகர் குறுக்கிட இரு வாயில்கள் அமைந்தன. அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகள் தனியே காட்டப்பட்டமை ஒன்று. இடுகையின் அடியிலோ தலையிலோ பொருத்தப்பட்ட வாக்குப்பட்டை மற்றொன்று. மறுமொழி பெற்ற இடுகை மீண்டும் முகப்புக்கு வந்ததால், மறுமொழி இடுதலே ஆதரவு ஆயிற்று. பரிந்துரை வாக்குகளைப் பெற்ற இடுகையும் கூடுதல் நேரம் கண்ணில் பட்டது.

2008இல் தொடங்கி 2010இல் இன்ட்லி எனப் பெயர் மாறிய தமிழிஷ் இந்த வாக்கு முறையை முழுமையாக்கியது. அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய டிக் என்னும் தளமே இதன் முன்மாதிரி. இங்கு இடுகை தானாகத் திரட்டப்படுவதில்லை. பதிவரோ வாசகரோ அதன் முகவரியை இணைக்க வேண்டும். போதிய வாக்குகள் சேர்ந்தபின் அது பிரபலமானவற்றின் வரிசைக்கு உயரும். தமிழ்10, உலவு ஆகிய தளங்களும் இதே நெறியைப் பின்பற்றின. ஓர் இடுகையின் அடியில் நான்கைந்து தளங்களின் வாக்குப்பட்டைகள் வரிசையாக நிற்பது அக்காலப் பதிவுகளின் வழக்கமான தோற்றமாகும்.

3. வாக்கு முறையின் இயல்பும் எல்லையும்

வாக்கு முறையின் நன்மை மறுக்கத்தக்கதன்று. எழுதத் தொடங்கிய ஒருவருக்கு முதல் நாளிலேயே அறிமுகமற்ற வாசகர்களைத் தேடித் தந்தது அது. இதழ் ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் வாசகரே முதற்பக்கத்தை அமைக்கலாம் என்ற நிலை, தமிழ் எழுத்துலகில் புதியது.

எனினும் அம்முறை மூன்று விளைவுகளை உடன்கொண்டு வந்தது. முதலாவது, காலம் பற்றியது. வாக்குகள் இடுகை வெளிவந்த சில மணி நேரத்திற்குள் சேர வேண்டும். அடுத்த நாள் வந்து படிப்பவரின் வாக்கால் பயனில்லை. ஆகவே சுடச்சுட எழுதப்படும் திரைப்பட விமர்சனமும் அன்றைய அரசியல் சர்ச்சையும் முன்னேறின. ஆறு மாதம் கழித்தும் பயன்படக்கூடிய கட்டுரை பின்தங்கியது. தமிழ்மணத்தின் சூடான இடுகைகள் என்னும் பகுதிப்பெயரே இந்த மதிப்பீட்டை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, கைம்மாறு பற்றியது. பதிவர்களே வாசகர்களாகவும் இருந்த சிறு சமூகத்தில், வாக்கும் மறுமொழியும் கொடுத்து வாங்கும் பொருளாயின. மொய் எழுதுதல் என்னும் குடும்ப விழா வழக்கு, பதிவர் பேச்சில் இதற்கு எள்ளலாகப் பயன்பட்டது. தம் இடுகையை முகப்பில் நிறுத்தத் தாமே மறுமொழி இட்டுக்கொள்வதைப் பின்னூட்டக் கயமைத்தனம் என்று பதிவர்களே பெயரிட்டு நகைத்தனர். ஒரு சமூகம் தன் குறையைக் குறிக்கத் தனிச்சொல் படைத்துக்கொண்டது என்றால், அக்குறை அரிதாக நிகழ்ந்ததன்று என்பது பெறப்படும்.

மூன்றாவது, பொருள் இன்மை பற்றியது. வாக்கு ஓர் எண் மட்டுமே. இடுகை எதைப் பற்றியது, யாருக்கு உதவும், ஏன் பிடித்தது என்பவற்றுள் ஒன்றையும் அது தெரிவிப்பதில்லை. தளம் ஓய்ந்ததும் எண்ணும் அழிகிறது. தேன்கூட்டை உருவாக்கியவர் 2007இல் மறைந்ததும், பின்னர்த் திரட்டிகளுள் பல ஒன்றன்பின் ஒன்றாக இயக்கம் குன்றியதும் நோக்க, பல்லாயிரம் வாசகச் செயல்கள் தடமின்றிப் போயின எனலாம்.

4. புத்தகக்குறியும் குறிச்சொல்லும்

2003இல் ஜோஷுவா சாக்டர் தொடங்கிய டெலீஷியஸ் வேறொரு நெறியில் இயங்கியது. உலாவியில் ஒருவர் தமக்கென வைத்துக்கொள்ளும் புத்தகக்குறியைப் பொதுவெளியில் வைப்பதே அதன் அடிப்படை. சேமிக்கும் ஒவ்வொரு பக்கத்திற்கும் வாசகர் தமக்குத் தோன்றிய குறிச்சொற்களை இடலாம். ஒருவர் தம் வசதிக்காக இட்ட குறிச்சொல்லே பிறருக்கு வழிகாட்டியாகும். நூலகர் வகுக்கும் பகுப்பு முறையிலிருந்து வேறுபட்டு, பயன்படுத்துவோரின் சொற்களால் கீழிருந்து எழும் இவ்வகைப்பாட்டை தாமஸ் வாண்டர் வால் 2004இல் தனிப்பெயரிட்டுச் சுட்டினார். அதனை மக்கள்வழி வகைப்பாடு எனத் தமிழில் கூறலாம்.

வாக்களிப்புத் தளம், இன்று எது படிக்கப்பட வேண்டும் என்று கேட்கிறது. புத்தகக்குறித் தளமோ, இது பின்னர் எச்சொல்லால் தேடப்படும் என்று கேட்கிறது. இவ்வேறுபாட்டால் புத்தகக்குறி, பழைய இடுகைக்கும் புதிய இடுகைக்கும் ஒரே மதிப்பைத் தருகிறது. ஒருவர் மட்டுமே சேமித்த பக்கமும் அதன் குறிச்சொல்லின்கீழ்க் கிடைக்கும். நூறு பேர் சேமிக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

ஆயினும் இத்தளங்களும் நிலையானவை அல்ல. டெலீஷியஸ் 2005இல் யாஹூவின் கைக்குச் சென்று, பல கைகள் மாறி, 2017இல் பின்போர்டு என்னும் தளத்தால் வாங்கப்பட்டுப் புதிய சேமிப்புகளை ஏற்பதை நிறுத்தியது. ஓடைகளைப் படிக்கவும் பகிரவும் பலர் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1ஆம் நாள் மூடப்பட்டது. எனவே புத்தகக்குறியின் மேன்மை தளத்தின் நிலைபேற்றில் இல்லை. அதில் சேரும் செய்தியின் தன்மையில் உள்ளது. முகவரி, தலைப்பு, குறிச்சொல், குறிப்பு ஆகியவை கோப்பாகப் பதிவிறக்கி வேறிடத்தில் வைக்கத்தக்கவை. வாக்கு எண்ணிக்கையை அவ்வாறு எடுத்துச்செல்ல இயலாது. எடுத்துச் சென்றாலும் பொருளில்லை.

5. கோவிலம்பாக்கம்: ஓர் இடப்பெயரின் சிக்கல்கள்

மேற்கூறியவற்றை ஓர் ஊரின் பெயரில் பொருத்திப் பார்க்கலாம். கோவிலம்பாக்கம் மேடவாக்கம் முதன்மைச் சாலையும் பல்லாவரம் – துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையும் சந்திக்கும் பகுதியில் அமைந்த ஊர். கீழ்க்கட்டளை, நன்மங்கலம், பள்ளிக்கரணை ஆகியவை அதன் அண்டை ஊர்கள். நன்மங்கலத்தில் காப்புக்காடும், பள்ளிக்கரணையில் 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சதுப்புநிலமும் உள்ளன. வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூர், ஒரு தலைமுறைக் காலத்திற்குள் நகரின் பகுதியான மாற்றம் இங்குக் காணத்தக்கது.

இத்தகைய ஊரின் பழைய கால்வாய், மறைந்த குளம், தெருப்பெயர் ஆகியவற்றை ஒருவர் தம் வலைப்பதிவில் எழுதினால் அதற்கு எத்தனை வாக்குகள் கிடைக்கும்? அவ்வூரை அறிந்தவர்கள் மட்டுமே அதனைப் பொருட்படுத்துவர். அவர்களும் அன்றே படிப்பார்கள் என்பதற்கில்லை. ஆனால் 2015 டிசம்பரில் தென்சென்னைப் புறநகர்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்த ஏரியின் உபரிநீர் எவ்வழியே சதுப்புநிலத்தை அடைந்தது என்னும் வினா பொதுவினாவாயிற்று. அவ்வேளையில் வேண்டப்படுவது, என்றோ ஒருவர் எழுதிவைத்த அந்த இடுகைதான். வாக்கு முறையால் அது முகப்புக்கு வந்திராது. தேடுவதால் மட்டுமே கிடைக்கும். தேடினால் கிடைக்குமா என்பது அடுத்த வினா. இங்குத் தமிழின் சொல்லமைப்பு சார்ந்த நான்கு சிக்கல்கள் எழுகின்றன.

5.1 வேற்றுமை ஏற்கும்போது திரியும் வடிவம்

மகர ஈற்றுப் பெயர்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது இறுதி மகரம் கெட்டு அத்துச் சாரியை பெறும். கோவிலம்பாக்கம் என்பது கோவிலம்பாக்கத்தில், கோவிலம்பாக்கத்தின், கோவிலம்பாக்கத்திற்கு என வரும். எழுத்துத் தொடரை அப்படியே பொருத்திப் பார்க்கும் எளிய தேடல், கோவிலம்பாக்கம் என்று தேடுபவருக்குக் கோவிலம்பாக்கத்தில் என்னும் சொல் உள்ள பக்கத்தைக் காட்டாது. தென்புறநகரின் ஊர்ப்பெயர்கள் பல மகர ஈற்றன: தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், நன்மங்கலம், பெரும்பாக்கம், துரைப்பாக்கம். இயல்பான தமிழ் உரைநடையில் ஊர்ப்பெயர் உருபின்றி வருவதைவிட உருபேற்று வருவதே மிகுதி. ஆகவே ஓர் ஊரைப் பற்றி முழுக் கட்டுரை எழுதிய பின்னும் அவ்வூரின் பெயர் எழுவாய் வடிவில் ஒருமுறைகூட அதில் இடம்பெறாமல் போகலாம். குறிச்சொல் இக்குறையைத் தீர்க்கிறது; அது அகராதித் தலைச்சொல்லைப் போல் உருபேற்காத வடிவில் இடப்படுகிறது.

5.2 வழக்கு வேறுபாடு

கோ என்பதுடன் இல் சேரும்போது வகர உடம்படுமெய் பெற்றுக் கோவில் என வருவது நன்னூல் விதிக்கு இயைந்தது. யகரம் பெற்ற கோயில் என்னும் வடிவமும் இலக்கிய வழக்கிலும் பேச்சு வழக்கிலும் வேரூன்றியுள்ளது. ஆதலின் ஒருவர் கோவிலம்பாக்கம் என்றும் இன்னொருவர் கோயிலம்பாக்கம் என்றும் எழுத இடமுண்டு. குறிச்சொல் இடும் வாசகர் இரண்டையும் இட்டால், இருவகையில் தேடுவோரும் ஒரே இடத்தை அடைவர். எழுதியவர் தம் உரைநடையில் இரு வடிவங்களையும் கலக்க இயலாது. வாசகர் அவருக்குச் செய்யக்கூடிய உதவி இது.

5.3 குறியேற்ற வேறுபாடு

ஒருங்குறியில் கோ என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டு குறியீடுகளாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இரண்டையும் சமமாகக் கொள்ளும்படி சீர்செய்யப்படாத மென்பொருளில் இவை வெவ்வேறு சொற்களாகிவிடும். ஒருங்குறிக்கு முந்திய திஸ்கி முதலிய குறியேற்றங்களில் அமைந்த பக்கங்களோ தேடலுக்கு முற்றிலும் புலப்படா. அத்தகைய பக்கத்தைக் கண்ட வாசகர் அதன் முகவரியைச் சேமித்து ஒருங்குறியில் ஒரு குறிச்சொல்லும் ஒரு வரிக் குறிப்பும் இட்டால், அதுவே அப்பக்கத்திற்குத் திறவுகோலாகும்.

5.4 ஆட்சி எல்லை மாற்றம்

கோவிலம்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, 2019இல் அமைந்த செங்கல்பட்டு மாவட்டத்திற்கு மாறியது. பொதுவழக்கில் அது சென்னை என்றே சுட்டப்படுகிறது. பழைய இடுகையில் காஞ்சிபுரம் என்று இருப்பதை இன்றைய வாசகர் செங்கல்பட்டு என்று தேடுவார். எழுதியவர் திரும்பி வந்து திருத்தாத நிலையில், இன்றைய பெயரைச் சேர்க்கும் பணி பிற்கால வாசகருக்கு உரியது. மக்கள்வழி வகைப்பாட்டின் சிறப்பு, எழுதி முடித்த பின்னும் அது வளரக்கூடியது என்பதே.

6. அறிமுகம்: பாயிர மரபின் வெளிச்சத்தில்

குறிச்சொல் தேடுவோருக்குப் பயன்படும். தேட வேண்டும் என்றே அறியாதவருக்கு அறிமுகம் வேண்டும். இதற்குத் தமிழ்ப் பதிவுலகிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. வலைச்சரம் என்னும் கூட்டு வலைப்பதிவில், வாரம் ஒரு பதிவர் ஆசிரியர் பொறுப்பேற்று, தாம் படித்த பிறருடைய இடுகைகளைத் தொடுப்புடன் எடுத்துரைத்தார். அங்கு அறிமுகம் ஆளுக்கு ஆள் மாறும் பொறுப்பாக இருந்தது. பரிந்துரைத்தவரின் பெயர் வெளிப்படையாக நின்றதால், அவருடைய மதிப்பும் அதனுடன் பிணைந்தது. வாக்குக்கு இல்லாத பொறுப்புணர்வு இது.

ஒருவர் நூலைப் பிறர் அறிமுகம் செய்வதற்குத் தமிழ் இலக்கணம் முன்னரே நெறி வகுத்துள்ளது. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால் சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தாமே பாடுதல் கூடாது எனக் கருதும் நன்னூல், அதற்கு உரியோராக அவருடைய ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகிய நால்வரைச் சுட்டுகிறது. நால்வரும் நூலையும் நூலாசிரியரையும் அறிந்தவர்கள். அறியாதவர் புகழ்ச்சிக்கு அங்கு இடமில்லை. சிறப்புப்பாயிரம் தெரிவிக்க வேண்டியவையாக ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்பதற்கு உரியோர், பயன் என எட்டு கூறப்படுகின்றன. காலம், களம், காரணம் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர்.

இன்று ஒரு தொடுப்பைப் பகிர்பவர் இவற்றுள் ஐந்தையேனும் தெரிவித்தால் அப்பகிர்வு அறிமுகமாகும்: எழுதியவர் யார், இடுகையின் பெயர் என்ன, எதைப் பற்றியது, யார் படிக்கத்தக்கது, என்ன பயன். இடைக்கால இலக்கண மரபையும் இன்றைய இணையப் பழக்கத்தையும் ஒன்றெனக் கூறுவது இங்குக் கருத்தன்று. பாயிரம் அவையில் அரங்கேறும் நூலுக்கு உரியது. தொடுப்போ நொடியில் கடந்துபோவது. ஆயினும் பரிந்துரைப்பவர் அறிந்து பேச வேண்டும், பொருளைச் சுட்ட வேண்டும் என்னும் இரு நெறிகளும் இரண்டிற்கும் பொருந்துவன.

இந்நெறி மீறப்படும் இடமும் உண்டு. படித்ததில் பிடித்தது என்னும் தலைப்பிட்டு, எழுதியவர் பெயரும் தொடுப்பும் இன்றி முழு இடுகையையும் படியெடுத்து வாட்ஸ்ஆப் குழுக்களிலும் முகநூலிலும் பரப்புவது இன்று பெருவழக்காகிவிட்டது. அனுப்புபவர் அன்புடன்தான் அனுப்புகிறார். ஆனால் எழுத்து ஆயிரம் பேரைச் சென்றடைந்தும் எழுதியவரை ஒருவர்கூடச் சென்றடைவதில்லை. ஆக்கியோன் பெயரைப் பாயிரத்தின் முதற்செய்தியாக வைத்த மரபினர்க்கு இவ்விழப்பு எளிதில் விளங்கும்.

7. வாசகர் கைக்கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து நடைமுறைக்கு உதவும் சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

அ. வலைப்பதிவின் முகப்பு முகவரியைச் சேமிக்காமல், குறிப்பிட்ட இடுகையின் நிலைமுகவரியைச் சேமிக்க வேண்டும். முகப்பு நாள்தோறும் மாறும்.

ஆ. குறிச்சொற்களை உருபேற்காத பெயர் வடிவில் இட வேண்டும். இடப்பெயராயின் மாற்று வடிவத்தையும், அண்டை ஊரையும், பழைய, புதிய மாவட்டப் பெயர்களையும் சேர்க்கலாம். ஆங்கில எழுத்தில் தேடுவோருக்காக அவ்வெழுத்தில் ஒரு குறிச்சொல்லும் பயன்தரும்.

இ. பகிரும்போது எழுதியவர் பெயரும் தொடுப்பும் முதலில் அமைய வேண்டும். உள்ளடக்கத்தில் ஓரிரு வரிகளுக்கு மேல் படியெடுத்தல் ஆகாது. ஏன் படிக்கத்தக்கது என்பதற்கு ஒரு காரணமேனும் தம் சொல்லில் எழுத வேண்டும்.

ஈ. ஒரே வலைப்பதிவின் எல்லா இடுகைகளையும் நாள்தோறும் பகிர்வது எதிர்விளைவைத் தரும். தேர்வு இல்லாத பரிந்துரையை வாசகர் விளம்பரமாகவே கொள்வர்.

உ. சேமித்தவற்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கோப்பாகப் பதிவிறக்கித் தம் கணினியில் வைக்க வேண்டும். இன்றியமையாத இடுகைகளை இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் பதியச் செய்யலாம். மூலப்பக்கம் நீக்கப்பட்டாலும் அங்குள்ள படி பயன்படும்.

இறுதி நெறி கல்வி நிறுவனங்களுக்கும் உரியது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சு நூல்களைக் காக்கிறது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை நூலகம் நிறுவனம் எண்ணிமப்படுத்துகிறது. கோவிலம்பாக்கத்திற்கு அருகில் பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இயங்குகிறது. தமிழ்த்துறை மாணவர் தத்தம் ஊரைப் பற்றிய வலைப்பதிவுகளைத் தேடி, முகவரியும் குறிச்சொல்லும் ஒருபத்தி அறிமுகமும் கொண்ட அடைவு ஒன்றைத் தொகுப்பதை இளநிலைத் திட்டக் கட்டுரையாகக் கொள்ளலாம். தொகுத்தவர், தொகுப்பித்தவர் பெயர்களைச் சங்கத் தொகை நூல்களோடு சேர்த்தே போற்றிவரும் மரபில், தொகுத்தல் தாழ்ந்த பணியன்று.

8. முடிவுரை

தமிழ் வலைப்பதிவுகளின் வளர்ச்சியில் திரட்டிகளும் வாக்களிப்புத் தளங்களும் ஆற்றிய பங்கு பெரிது. ஆனால் அவை வளர்த்த வாசகப் பழக்கம் அன்றைய கவனத்தை ஈட்டுவதோடு நின்றது. வாக்கு புதுமைக்கும் கூட்டுறவுக்கும் சாய்வதும், அது பொருளைச் சுட்டாமையும், தளத்துடன் அழிவதும் இக்கட்டுரையில் காட்டப்பட்டன. மகர ஈற்று இடப்பெயர்களின் சாரியைத் திரிபு, கோவில் – கோயில் வழக்கு, குறியேற்றம், எல்லை மாற்றம் ஆகியவற்றால் தமிழில் ஊர்சார் எழுத்து தேடலுக்கு எளிதில் அகப்படாமையும், வாசகர் இடும் குறிச்சொல் அதனை ஈடுசெய்வதும் விளக்கப்பட்டன. காரணம் சுட்டிய அறிமுகம், எழுதியவர் பெயரைக் காக்கும் முறை என்பதும் பெறப்பட்டது.

ஒரு வலைப்பதிவை விரும்புபவர், தாம் விரும்பியதை அன்று தெரிவிப்பதோடு நிறுத்தாமல், நாளை அதனை வேண்டி வருபவர் கண்டெடுக்கும்படி வைத்தால், அதுவே அவர் அளிக்கும் ஆதரவின் நிறைவாகும். கோவிலம்பாக்கத்தின் ஒரு குளத்தைப் பற்றிய இடுகைக்கு அத்தகைய வாசகர் ஒருவர் வாய்த்தாலும் போதும்.